திருப்புளி போய் வால்வு வந்த கதை

அம்பாசடர், பத்மினி வைத்திருந்தவர்களுக்கு ‘ஐடிலிங் செட் பண்ணுவது’ என்றால் விளக்கவே வேண்டாம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து கார்புரேட்டரில் இரண்டு திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புவார். ஒன்று வேகத்துக்கு, மற்றது கலவைக்கு. மீட்டரா? காதுதான் மீட்டர். சத்தம் சீரானதும் திருப்புளியைப் பையில் செருகிக்கொண்டு டீக்குப் போய்விடுவார்.

இதற்கு முடிவு கட்டியதில் நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டில்லியின் காற்று மாசு பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதுக் கார்கள் 1999 ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 அளவுக்குள் புகைவிட வேண்டும். கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அதைச் சமாளிப்பது கஷ்டம். கம்பெனிகள் மளமளவென்று எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறின. 2001-ல் யூரோ 2 அளவு சென்னைக்கும் வந்துவிட்டது.

திருகு செய்த வேலையைப் புது வண்டிகளில் ஐடில் வால்வு எடுத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது த்ராட்டில் மூடியிருக்கும். பக்கத்திலுள்ள சிறு வழியாகத்தான் காற்று போகும். கம்ப்யூட்டர் சொல்கிறபடி வால்வின் ஊசி முன்னும் பின்னும் நகர்ந்து அந்த வழியைக் கூட்டும், குறைக்கும். ஏ.சி. போட்டாலும் வண்டி திணறாததற்கு இதுவே காரணம்.

ஆனால் எஞ்சினின் எண்ணெய் ஆவி அந்த வழியில் கரியாகப் படியும். ஊசி சிக்கிக்கொள்ளும். சிக்னலில் வண்டி ஆஃப் ஆகும். உடனே ‘வால்வு போச்சு, மாத்தணும்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கச் சொல்லுங்கள். மோட்டார் பக்கம் ஈரம் போகக்கூடாது, ஊசியைக் கையால் அழுத்தவும் கூடாது. பல வண்டிகளுக்கு அதுவே போதும். மோட்டாரே எரிந்திருந்தால்தான் புது வால்வு. பின்னால் வந்த கார்களில் த்ராட்டிலையே மோட்டார் திறந்து மூடுவதால் தனி வால்வு கிடையாது. கரி மட்டும் அங்கேயும் உண்டு!

இந்த மாற்றத்தில் அடிபட்டவர்கள் மரத்தடி மெக்கானிக்குகள். காது இருந்தது, ஸ்கேனர் வாங்கப் பணம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் காரை விட்டுவிட்டு ஸ்கூட்டர், பைக் வேலைக்குப் போனார். கார்புரேட்டர் அங்கேதான் மிச்சம் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. புது பைக்குகளிலும் அது அநேகமாகப் போய்விட்டது.