சமோவா 2018–19: தடுப்பூசித் தயக்கத்தில் அரசின் பங்கு

உலக சுகாதார நிறுவனம் 2019 ஜனவரியில் வெளியிட்ட பத்துப் பெரும் நலவாழ்வு அச்சுறுத்தல்களின் பட்டியலில் தடுப்பூசித் தயக்கமும் இடம்பெற்றது. தடுப்பூசி கிடைத்தும் அதைத் தள்ளிப்போடுவதும் மறுப்பதுமே தயக்கம் என்பது அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு வகுத்த வரையறை. அந்த ஆண்டின் இறுதியில் பசிபிக் தீவு நாடான சமோவாவில் தட்டம்மை 83 உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பழி தடுப்பூசி பற்றி வதந்தி பரப்பியவர்கள் மீதும், அதை நம்பிய பெற்றோர் மீதும் விழுந்தது. ஆனால் தடுப்பூசி உண்மையில் கிடைத்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2018 ஜூலை 6 அன்று சவாயீ தீவின் சஃபோட்டு மருத்துவமனையில் ஓராண்டு நிறைந்த இரு குழந்தைகளுக்குத் தட்டம்மையைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போடப்பட்டது. இம்மருந்து உலர்தூளாக வரும். உடன் வரும் கரைப்பு நீரில் கலந்து போட வேண்டும். அன்று அந்த நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசைத் தளர்த்தி மருந்தைக் கலந்துவிட்டார்கள். சில நிமிடங்களில் குழந்தைகள் இறந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்ட செவிலியர் இருவருக்கு 2019 ஆகஸ்டில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பிழை கலந்த கையினுடையது, தடுப்பூசியினுடையது அல்ல.

ஆனால் தீர்ப்புக்கு ஓராண்டுக்கு முன்பே, அரசின் நடவடிக்கை வேறொரு தீர்ப்பை ஊருக்குச் சொல்லிவிட்டது. நாடு முழுவதும் எம்.எம்.ஆர். திட்டம் நிறுத்தப்பட்டது, 2019-இல்தான் படிப்படியாக மீண்டும் தொடங்கியது. விசாரணை முடியும்வரை சில வாரங்கள் நிறுத்தியிருந்தால் அது எச்சரிக்கை. பல மாதங்கள் நீண்டதும் அது வாக்குமூலம் போல் ஆனது. மருந்தில் ஒன்றுமில்லை என்றால் அரசே ஏன் பூட்டி வைத்திருக்கிறது என்று ஒரு தாய் கேட்டால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியுமா? 2018-இல் முதல் தவணை பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அவ்வாண்டின் பிற்பாதியைப் பொறுத்தவரை இந்தச் சரிவைத் தயக்கக் கணக்கில் எழுதுவது வரையறைக்கே முரண். ஊசியே இல்லாத இடத்தில் தயங்குவதற்கு எதுவும் இல்லை. தயக்கம் திட்டம் மீண்ட பிறகு வந்தது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் உள்ளே புகுந்ததும் அந்தக் காலத்தில்தான். அமெரிக்காவின் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2019 ஜூனில் சமோவா வந்து சென்றார். நோய் உச்சத்தில் இருந்த நவம்பரில், தடுப்பூசியின் மீதே ஐயம் எழுப்பிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வதந்திக்காரர்களை நான் விடுவிக்கவில்லை. உழுத நிலத்தில் விதைத்தார்கள்; உழுதது யார் என்பதே என் கேள்வி.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், அது நியாயமானதும்கூட: 2018-க்கு முன்பே சமோவாவின் தடுப்பூசி விகிதம் சரிந்துகொண்டுதான் இருந்தது. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் நோயெதிர்ப்புப் பெற்றிருக்க வேண்டும். ஒரு நோயாளி, எதிர்ப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்கு அதைத் தொற்றவைக்க வல்லவர். அந்த வரம்பை சமோவா முன்பே இழந்திருந்தது. ஆக, நிறுத்தம் ஒன்றே காரணம் என்று வாதிடுவது மிகை. எனினும் அண்டை நாடுகளைப் பாருங்கள். அதே பருவத்தில் தொங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை நுழைந்தது. தொங்காவில் நூற்றுக்கணக்கானோருக்குக் கண்டது. இரண்டு நாடுகளிலும் சாவு இல்லை. அங்கே குழந்தைகளுக்கு ஏற்கெனவே ஊசி போடப்பட்டிருந்தது. சுமார் இரண்டு லட்சம் மக்கள் கொண்ட சமோவாவிலோ 5,700 பேருக்கு நோய் கண்டது.

நவம்பரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, ஊசி கட்டாயமானது. டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களை மூடி, ஊழியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். சில வாரங்களில் விகிதம் 95-ஐ எட்டியது. வாசலுக்கே வந்த ஊசியைப் பெரும்பாலோர் மறுக்கவில்லை என்பதால், தயக்கம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கவில்லை என்று வாதிடலாம். நானும் ஓரளவு அப்படியே கருதுகிறேன். ஆனால் சட்டமும் சாவு பயமும் சேர்ந்து ஈட்டிய அந்த எண்ணை மீண்டுவந்த நம்பிக்கையின் அளவாகக் கொள்ள முடியாது. அதை அளக்க, நோயும் கட்டாயமும் இல்லாத ஒரு சாதாரண ஆண்டில் இரண்டாம் தவணைக்காகத் தாமாகவே குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோரை எண்ண வேண்டும்.