இந்திய மகளிர் லீக் 2021–22

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்தும் பெண்களுக்கான தேசியக் கழகப் போட்டியின் ஐந்தாவது பருவம். 2022 ஏப்ரல் 15 முதல் மே 26 வரை ஒடிசாவின் புவனேசுவரத்தில் நடைபெற்றது. 12 கழகங்கள் கலந்துகொண்டன. கோழிக்கோட்டைச் சேர்ந்த கோகுலம் கேரளா தான் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்று, தொடர்ந்து இரண்டாவது முறையாகப் பட்டத்தைக் கைப்பற்றியது. மதுரையின் சேது எஃப்.சி. இரண்டாம் இடம் பெற்றது. அரையிறுதியோ இறுதிப் போட்டியோ இல்லாமல், புள்ளிப் பட்டியலை மட்டும் கொண்டு சாம்பியனைத் தீர்மானித்த முதல் பருவம் இதுவே.

இந்த மாற்றம் எத்தனை பெரியது என்பது முந்தைய நிலையைப் பார்த்தால்தான் விளங்கும். இந்தியாவில் பெண்கள் கால்பந்து நெடுங்காலம் மாநில அணிகளை நம்பியே வாழ்ந்தது. 1991-இல் தொடங்கிய சீனியர் தேசியச் சாம்பியன்ஷிப்பில் மணிப்பூரின் கையே ஓங்கியிருந்தது. கழகங்களுக்கான லீக் வந்து சேர 2017 ஆனது. டெல்லியில் 6 அணிகளோடு நடந்த முதல் பருவத்தின் இறுதிச் சுற்று மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அதில் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டு ஷில்லாங்கில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப் வென்றது. 2019-இல் லூதியானாவில் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3–1 என வீழ்த்தி, பட்டத்தை முதல் முறையாகத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் பெங்களூருவில் கோகுலம் 3–2 என்ற கணக்கில் மணிப்பூரின் கிரிப்சா அணியை வென்றது. நான்கு பருவங்களும் நாக் அவுட் ஆட்டங்களில்தான் முடிந்தன. தொடக்கச் சுற்றோடு வெளியேறிய அணியின் வீராங்கனைக்கு ஓர் ஆண்டுக்கான தேசியக் கழக ஆட்டம் கைவிரல்களில் எண்ணி முடிக்கும் அளவில் நின்றுவிடும். கால்பந்தை ஆடித்தான் கற்க முடியும் என்பதால், திறமைக் குறைவைவிட இந்த ஆட்டப் பஞ்சமே இந்தியப் பெண்கள் கால்பந்தின் பெரிய நோய் எனச் சொல்ல வேண்டும்.

கொரோனா அந்தப் பஞ்சத்தை இன்னும் கூட்டியது. 2020–21 பருவம் நடக்கவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் பெண்களுக்கான தேசிய லீக் கிடையாது. அந்த இடைவெளியில் 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பையை இந்தியாவே நடத்தியது. ஈரானுடன் கோலின்றி டிரா செய்த இந்திய அணியில் தொற்று பரவியது. சீனத் தைபேயுடனான அடுத்த ஆட்டத்துக்குப் போதிய வீராங்கனைகளைக் களமிறக்க முடியாமல், சொந்த மண்ணில் நடந்த போட்டியிலிருந்தே அணி விலக நேர்ந்தது. மூன்று மாதங்கள் கழித்து அதே வீராங்கனைகள் தங்கள் கழகச் சட்டைகளில் புவனேசுவரத்தில் இறங்கினார்கள்.

ஒவ்வோர் அணியும் மற்ற 11 அணிகளோடும் ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் 66 ஆட்டங்கள். எல்லா ஆட்டங்களும் ஒரே நகரத்தில், கலிங்கா மைதானம் உள்ளிட்ட திடல்களில் நடந்தன. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஆடும் வாய்ப்பு வெளிமாநில அணிகளுக்குக் கிடைக்கவில்லை. ஆறு வாரங்களில் 11 ஆட்டங்கள் என்றால் ஏறக்குறைய நான்கு நாட்களுக்கு ஓர் ஆட்டம். அதுவும் கோடை உச்சத்தில், ஒடிசாவின் வெயிலில்.  அதைப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள்; இதை விட்டால் ஆட்டமே இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அணிகளின் பின்புலம் பலதரப்பட்டது. பெங்களூருவின் கிக்ஸ்டார்ட், டெல்லியின் ஹான்ஸ், அகமதாபாத்தின் ஏ.ஆர்.ஏ., கோவாவின் சிர்வோடெம், மகாராஷ்டிரத்தின் பிஃபா, சத்தீஸ்கரின் மாதா ருக்மணி ஆகியவை தனியார் கழகங்கள். எஸ்.எஸ்.பி. எல்லைக் காவல் படையின் அணி. ஒடிசா போலீஸும் ஸ்போர்ட்ஸ் ஒடிசாவும் போட்டியை நடத்திய மாநிலத்தின் அணிகள். பன்னிரண்டாவதாக வந்த இந்தியன் ஆரோஸ், அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை மனத்தில் வைத்துச் சம்மேளனமே சேர்த்த சிறுமியர் அணி. பள்ளி வயதுப் பெண்கள் நாட்டின் மூத்த தடுப்பாட்டக்காரர்களை எதிர்த்து 11 ஆட்டங்கள் ஆடியது இந்தப் பருவம் தந்த நல்ல பலன்களுள் ஒன்று.

பலவீனமும் மறைக்க முடியாதது. கோகுலம், சேது ஆகிய இரண்டுக்கும் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்த அணிகளுக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. இரட்டை இலக்கத்தில் கோல் விழுந்த ஆட்டங்கள் உண்டு. கோகுலத்தின் கானா நாட்டு முன்கள வீராங்கனை எல்ஷதாய் அச்சியம்பாங் 20 கோல்களுடன் முதலிடம் பிடித்தார். பெரும் தோல்விகளுக்குக் கீழ்ப்பாதி அணிகளின் வீராங்கனைகளைக் குறை சொல்வது அநியாயம். ஆண்டு முழுவதும் பயிற்சியும் சம்பளமும் தரும் கழகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை போட்டி நெருங்கும்போது கூடிக் கலைபவை.

நாக் அவுட் இல்லாத அட்டவணை எதிர்பாராத ஒரு பரிசைத் தந்தது. கோகுலமும் சேதுவும் தலா 10 ஆட்டங்களில் வென்று, தலா 30 புள்ளிகளோடு, கடைசி நாளான மே 26 அன்று கலிங்கா மைதானத்தில் நேருக்கு நேர் வந்து நின்றன. இறுதிப் போட்டி இல்லாத பருவம் தானாகவே ஓர் இறுதிப் போட்டியை உருவாக்கிக்கொண்டது. மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு சேதுவுக்காகக் கோல் அடித்தார். சிறிது நேரத்தில் கிடைத்த பெனால்டியை இந்திய அணியின் கேப்டன் ஆஷாலதா தேவி கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். அச்சியம்பாங் இரண்டாவது கோலையும் மனிஷா கல்யாண் மூன்றாவதையும் அடித்தார்கள். இவை எல்லாமே முதல் பாதியில் விழுந்தவை. இரண்டாம் பாதியில் சேதுவால் திரும்பிவர முடியவில்லை, 3–1. பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் கோகுலத்தின் ஆடவர் அணி ஐ-லீக் பட்டத்தை வென்றிருந்தது. ஒரே மாதத்தில் ஒரு கழகம் இரண்டு தேசிய லீக் பட்டங்களைச் சேர்த்தது.

வெற்றியின் பலன் ஆசியக் கழகச் சாம்பியன்ஷிப்பில் ஆடும் உரிமை. முந்தைய ஆண்டு ஜோர்தானின் அகாபாவில் நடந்த போட்டியில், ஆசிய அளவில் ஆடிய முதல் இந்தியப் பெண்கள் கழகமாகி, உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கரை 3–1 என வென்றிருந்தது கோகுலம். 2022 ஆகஸ்டில் அணி தாஷ்கண்ட் போய் இறங்கியபோது ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்திருந்ததால், அதனால் ஆட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு சம்மேளனத்தை நடத்தியதை வெளித் தலையீடு எனக் கருதி ஃபிஃபா எடுத்த முடிவு அது. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது; அதற்குள் கோகுலத்தின் வாய்ப்பு போய்விட்டது. நிர்வாகக் குழப்பத்துக்கான விலையை, 11 ஆட்டங்களையும் வென்ற பெண்கள் கொடுத்தார்கள். இந்தப் பருவத்தின் வரலாற்றில் மிகவும் வலிக்கும் பக்கம் இதுதான்.

அதே ஆகஸ்டில் மனிஷா கல்யாண் சைப்ரஸின் அப்பல்லோன் லேடீஸ் அணிக்காக ஆடி, ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். சேதுவில் பெயர் பெற்ற கடலூர் மாவட்டத்து வீராங்கனைகள் இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் 2022–23 பருவத்தில் கோகுலத்துக்கு ஆடிச் சாம்பியன் ஆனார்கள். அந்தப் பருவம் 16 அணிகளோடு, பிரிவுகளும் நாக் அவுட்டுமாக, அகமதாபாத்தில் நடந்தது; புவனேசுவரத்தில் எடுத்துவைத்த அடியிலிருந்து அது ஒரு பின்வாங்கல். 2023–24-இல் அணிகள் 7 ஆகக் குறைக்கப்பட்டன. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை முதன்முதலாக வந்தது. அந்தப் பட்டத்தை ஒடிசா எஃப்.சி.யும் அடுத்ததை ஈஸ்ட் பெங்காலும் வென்றன. ஒடிசாவின் அப்போதைய பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி 2022-இல் சேதுவின் பயிற்சியாளர். ஈஸ்ட் பெங்காலின் அந்தோணி ஆண்ட்ரூஸ் அன்று கோகுலத்தின் பயிற்சியாளர். சேத்ரி பின்னர் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 2025 ஜூலையில் அவருடைய அணி சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது.