மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக் கண்காணிப்பு

உள்நோயாளிகளுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக் மருந்து தேவையானதுதானா, அளவும் நாள்கணக்கும் சரிதானா என்று பார்த்து, பதிவு செய்து, எழுதிய மருத்துவரிடமே எடுத்துச் சொல்லும் ஏற்பாடு இது. இதில் இரண்டு வேலைகள் உண்டு. எவ்வளவு மருந்து செலவாகிறது என்று அளப்பது ஒன்று. அதில் எவ்வளவு தேவையானது என்று தீர்மானிப்பது மற்றொன்று. முதல் வேலையைக் கணினியே செய்துவிடும். இரண்டாவதற்கு யாராவது கேஸ் ஷீட்டைப் புரட்டியாக வேண்டும்.

அளவைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரையறுத்த தினசரி அளவு வைத்திருக்கிறது. ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனுக்கு அது 2 கிராம். ஒரு வார்டில் 1,000 நோயாளி நாட்களுக்கு 400 கிராம் செலவாகியிருந்தால், 200 தினசரி அளவுகள் என்று கணக்கு. ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு ஒப்பிட இது வசதி. ஆனால் எடைக்கேற்ப மருந்து பெறும் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிறுநீரகக் கோளாறால் அளவு குறைக்கப்பட்டவர்கள் விஷயத்திலும் தவறிப்போகும். அதனால் பல மருத்துவமனைகள் சிகிச்சை நாட்களை எண்ணுகின்றன. ஒரு நாளில் ஒரு ஊசி போட்டாலும் மூன்று போட்டாலும் ஒரு நாள்தான். இரண்டு மருந்து ஒன்றாக ஓடினால் இரண்டு நாள்.

ஆண்டு முழுவதும் எண்ண ஆளில்லாத இடங்களில் ஒருநாள் கணக்கெடுப்பு கைகொடுக்கிறது. குறிப்பிட்ட நாள் காலையில் வார்டில் இருக்கும் நோயாளிகளில் யாருக்கு என்ன ஆன்டிபயாடிக், எதற்காக என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் இந்தியாவின் 20 பெரிய மருத்துவமனைகளில் இப்படி 9,652 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டியது. அவர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் ஆன்டிபயாடிக் பெற்றுக்கொண்டிருந்தார்கள். எழுதப்பட்டவற்றில் 55 விழுக்காடு தொற்றைக் குணப்படுத்த அல்ல, வராமல் தடுக்க. சிகிச்சையாகத் தரப்பட்டவற்றிலும் எந்தக் கிருமி என்று தெரிந்து தந்தது 6 விழுக்காடுதான்.

அந்த 55 விழுக்காட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கண்காணிப்பு என்றதும் கொலிஸ்டின், மெரோபெனெம் போன்ற விலையுயர்ந்த கடைசிக்கட்ட மருந்துகளைப் பற்றியே பேச்சு நடக்கிறது. ஆனால் பெருமளவு வீணாவது அறுவை சிகிச்சை வார்டில், சாதாரண ஊசிகளாக. தொற்றில்லாத, திட்டமிட்ட பெரும்பாலான அறுவை சிகிச்சைகளுக்குச் செஃபசோலின் ஒரு டோஸ் போதும். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் அது போடப்பட்டிருக்க வேண்டும். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறு டோஸ். மருந்தை நீட்ட நேர்ந்தாலும் 24 மணி நேரத்தோடு நிறுத்திவிடலாம். நடைமுறையிலோ, தையல் பிரிக்கும்வரை 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஊசி தொடரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது எளிது: மயக்க மருந்துக் குறிப்பில் ஊசி போட்ட நேரம், அறுவை தொடங்கிய நேரம், மருந்து அட்டையில் கடைசி டோஸின் தேதி, இந்த மூன்றையும் பார்த்தாலே போதும்.

மற்ற வார்டுகளில் வேலை இவ்வளவு சுலபமில்லை. தொற்றுநோய் மருத்துவர், நுண்ணுயிரியல் வல்லுநர், கிளினிக்கல் பார்மசிஸ்ட், தொற்றுக் கட்டுப்பாட்டு செவிலியர் அடங்கிய குழு, மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் ரவுண்ட்ஸ் வரும். காரணம் எழுதியிருக்கிறதா? முதல் டோஸுக்கு முன்பே ரத்தம் கல்ச்சருக்குப் போனதா? ரிப்போர்ட் வந்த பிறகு மருந்து மாறியதா? நோயாளி வாயால் சாப்பிடத் தொடங்கியும் ஊசி ஏன் ஓடுகிறது? அடிக்கடி அகப்படும் ஒரு பிழை, மெரோபெனெமுடன் மெட்ரோனிடசோலையும் சேர்ப்பது. ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளை மெரோபெனெமே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது மருந்து பெரும்பாலும் வீண். குழு பரிந்துரைக்கத்தான் முடியும், முடிவு சிகிச்சை தரும் மருத்துவருடையது. இளம் பார்மசிஸ்ட் ஒருவர் மூத்த சர்ஜனிடம் 'இது வேண்டாம் சார்' என்று சொல்ல நேரும் இடம் இது. நிர்வாகம் பின்னால் நிற்காவிட்டால் குழு காகிதத்தில்தான் இருக்கும்.

முன் அனுமதி இல்லாமல் சில மருந்துகளைத் தராமலிருப்பது இன்னொரு முறை. நள்ளிரவில் செப்சிஸோடு, அதாவது உயிருக்கு ஆபத்தான தொற்றோடு, வருபவரை அனுமதிக்காகக் காக்கவைக்க முடியாது என்பதால், முதல் டோஸைக் கொடுத்துவிட்டு மறுநாள் அனுமதி கேட்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது.

மருந்தைக் குறைத்தால் நோயாளிக்கு ஆபத்தாகாதா என்ற அச்சத்துக்கு, 221 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு விடை தந்தது. இத்தகைய நடவடிக்கைகளால் ஆன்டிபயாடிக் தரப்படும் காலம் சராசரியாக ஏறத்தாழ இரண்டு நாள் குறைந்தது, இறப்பு கூடவில்லை.

இந்தியாவில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2010இல். சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் கடைசிக்கட்ட மருந்துகளையும் எதிர்த்து நிற்கவைக்கும் என்டிஎம்-1 மரபணு கொண்ட கிருமிகள் இருப்பதாக அவ்வாண்டு வெளியான ஆய்வு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், நாட்டுக்குப் பொருந்தும் செயல்திட்டம் ஒன்றை முன்வைத்தது. 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளில் அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கான வழிகாட்டுதலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் வெளியிட்டது. இதற்கிடையே 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் மருந்துகளை அக்சஸ் (முதலில் எடுக்க வேண்டியவை), வாட்ச் (கவனத்தோடு தர வேண்டியவை), ரிசர்வ் (கடைசிக்கட்டத்துக்கானவை) என மூன்றாகப் பிரித்தது. செஃபசோலின் அக்சஸ், செஃப்ட்ரியாக்சோன் வாட்ச், கொலிஸ்டின் ரிசர்வ். மேலே சொன்ன கணக்கெடுப்பில் வாட்ச் பிரிவே பாதிக்கு மேல்.

கணக்கிலிருந்து நழுவிப்போகும் மருந்துகளும் இருக்கின்றன. உறவினர்கள் வெளிக்கடையில் வாங்கி வந்து தரும் ஊசி, மருத்துவமனைப் பார்மசியின் செலவுப் புத்தகத்தில் ஏறாது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'இன்னும் ஐந்து நாளைக்கு' என்று எழுதிக் கொடுக்கும் மாத்திரைகள் உள்நோயாளிக் கணக்கில் வழக்கமாகச் சேர்வதில்லை. வார்டில் நிறுத்தியிருக்க வேண்டிய மருந்து அங்கேதான் மறுபடி தொடங்குகிறது.