ரயில்வே தணிக்கை அதிகாரி மகன் போட்ட கணக்கு

சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் குழந்தைகட்குப் பழைய எஞ்சின்களைக் காட்டும் நாம், ரயில்வேக் குடும்பத்தில் தோன்றிய ஒரு மேதையைப் பற்றியும் அவர்கட்குக் கூறலாம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் அங்கே வடமேற்கு ரயில்வேயில் தணிக்கை அதிகாரி; நம்மைப்போல் உத்தியோகம் பற்றி வடக்கே வந்தவர். மகன் ஐ.சி.எஸ். ஆகவேண்டுமென்பது அவர் விருப்பம். (எத்தந்தைக்குத்தான் இராது!) பௌதிகமே பயிலட்டும் என்றவர் தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய அம்மையார். 1930-இல் மகன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவர் நோயுற்றிருந்தார். மறு ஆண்டே மறைந்தார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

அக்கப்பலிலேயே அக்கணக்கு பிறந்தது. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீனை எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்குகிறது. ஆயின் நிறை ஓர் எல்லையைக் கடப்பின் தாங்காது. அவ்வெல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. கம்ப்யூட்டர் இல்லாத நாளில், கையால் சுழற்றும் பொறிகொண்டு எண்களைத் திரட்டினார்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் இதனை அவர் விளக்கி அமர்ந்ததும், எடிங்டன் எழுந்து நகையாடினார். விண்மீன் அவ்வாறு நடவாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரும் என்றார். அவை சிரித்தது. தணிக்கையில் இத்தகைய ஆட்சேபம் செல்லாது! இருபத்து நான்கு வயது இளைஞர் கணக்கை மாற்றவில்லை; எடிங்டனுடன் நட்பையும் முறிக்கவில்லை.

நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1962 ஜனவரி 3 அன்று, தாம் பயின்ற சென்னை மாநிலக் கல்லூரியில் நடந்த கணித அறிவியல் நிறுவனத் தொடக்க விழாவுக்கு அவர் வந்திருந்தார். அணுத்துகள், குவாண்டம் ஆராய்ச்சிகள் அந்நிறுவனத்தில் இன்றும் நடைபெறுகின்றன.