காந்தியின் கன்றும் ஊவாவின் ஆமையும்: முதிய வளர்ப்பு ஊர்வனவற்றின் கருணைக்கொலை குறித்து

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தி ஊவா மாகாணத்தின் பதுளையிலும் பேசினார். அதன்பின் ஓராண்டு நிறைவதற்குள், சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயில் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றின் உயிரை ஊசி மூலம் போக்கச் சம்மதித்தார். அகிம்சையைப் போதித்தவரே இதைச் செய்யலாமா என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 1928 அக்டோபரில் ‘யங் இந்தியா’ இதழில் அவர் அளித்த விளக்கத்தில் நான்கு நிபந்தனைகள் உண்டு. நோய் தீராதது என்று தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்தப் பணிவிடையும் இனிப் பயன்தராது என்ற நிலை வந்திருக்க வேண்டும். அந்த உயிரால் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதிருக்க வேண்டும். கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட சமூகத்தில் கருணைக்கொலையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த அளவுகோலைக் கன்றிடமிருந்து ஆமைக்கு மாற்றும்போது முதல் மூன்று நிபந்தனைகளும் ஆட்டம் காண்கின்றன. கன்றின் நோவு கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ஆமை கத்தாது, நோவு வந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும். நலமாக இருக்கும் ஆமையும் குளிர் வந்தால் அப்படித்தான் ஒடுங்கும். ஊவா மலைத் தோட்டங்களிலும் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை நகர வீடுகளிலும் வளரும் முதிய ஆமையைப் பொறுத்தவரை, ‘வயசாகிவிட்டது, இனி முடியாது’ என்ற முடிவு பெரும்பாலும் அவசர முடிவாக இருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தீர்மானம் மெதுவாக எடுக்கப்பட வேண்டும். எடுத்த பிறகு அதை வீட்டில் நிறைவேற்றக் கூடாது. முறையறிந்த மிருக வைத்தியர் கையில்தான் அது முடிய வேண்டும்.

முதலில் குளிர். ஊவா மாகாணம் ஒரே காலநிலை கொண்டதல்ல. மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் குறைவான உயரத்தில், உலர் வலயத்தில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறி மலைப்பாதையில் போனால் 1,400 மீற்றரைத் தாண்டிய அப்புத்தளை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்ற பொதுக்கணக்கின்படி இரண்டு ஊர்களுக்கும் இடையே 7 பாகைக்கு மேல் வித்தியாசம் வரும். மனிதர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம். மலை வீட்டில் வளரும் நட்சத்திர ஆமையால் முடியாது. அது உலர் வலயத்தின் புதர்க்காட்டுப் பிராணி. பகலில் 27 முதல் 32 பாகை வரை வெப்பம் கிடைத்தால்தான் அதன் குடல் செரிக்கும், நோயெதிர்ப்பு இயங்கும். குளிர்நாட்டு ஆமைகளைப் போல் மாதக்கணக்கில் குளிர்உறக்கம் கொள்ளும் இயல்பும் அதற்கில்லை.

கீழ்நாட்டுக் காட்டோரத்தில் யாரோ எடுத்துவந்த ஆமை, மலையில் லயத்து இஸ்தோப்பில் பெட்டிக்குள் பல ஆண்டுகள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் மூடுபனி இறங்கும்போது அது தின்பதை நிறுத்துகிறது. மூக்கில் நுரை வருகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. வீட்டார் மூப்பு என்கிறார்கள். உண்மையில் அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அதற்கு வெப்பமும் மருந்தும் உண்டு. ஓடு மென்மையாகிக் கால்கள் வளைந்தால் அதையும் மூப்பு என்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் படாததாலும் சுண்ணச்சத்து இல்லாததாலும் வரும் எலும்பு நலிவு அது. சோறும் பாணும் மீனும் கொடுத்து வளர்த்த ஆமைக்குச் சிறுநீரகம் கெட்டு உடலுக்குள் யூரிக் அமில உப்புகள் படியும். இதுதான் பெரும்பாலும் திரும்பி வராத வழி. மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரியும். அசையாது, தின்னாது, கண் குழிந்திருக்கும். காந்தியின் முதல் நிபந்தனை இங்கே ஒரு பரிசோதனைக் கேள்வியாக மாறுகிறது. இரண்டு, மூன்று வாரம் சரியான வெப்பத்தில் வைத்து, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, நீர்ச்சத்து ஏற்றிப் பார்க்காதவரை எந்த ஆமையையும் தீராத நோயாளி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இதற்குச் சாட்சியாக உலகறிந்த ஓர் ஆமை உண்டு. சென் ஹெலினா தீவில் ஆளுநர் மாளிகை வளாகத்தில் வாழும் ஜொனதன் ஏறத்தாழ 1832 இல் பிறந்ததாகக் கணிக்கப்படுகிறது. 1882 இல் அத்தீவுக்கு வந்தது. கண்ணில் புரை விழுந்து பார்வை போயிற்று, மோப்பமும் போயிற்று. புல்லைக் கடிக்கும் அலகு மழுங்கி நொறுங்கத் தொடங்கியது. எந்த வீட்டாரும் கைவிடும் நிலைதான் அது. மிருக வைத்தியர் ஜோ ஹொலின்ஸ் அதற்கு வாரம் ஒருமுறை பழங்களையும் காய்கறிகளையும் கையால் ஊட்டும் வழக்கத்தைத் தொடங்கினார். அலகு மீண்டும் கூர்மையாயிற்று, உடல் தேறியது. குருடும் முதுமையும் சேர்ந்திருந்தும் அதன் வாழ்வு வாழத்தக்கதாகவே இருக்கிறது. மூப்பை நோயாகவும், உணவுக் குறைவை மூப்பாகவும் மயங்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அப்படியானால் எப்போதுதான் முடிவெடுப்பது? இங்கே நான் எண்ணிக்கையை நம்புகிறேன். கொழுந்து நிறுப்பதில் ஏமாந்து ஏமாந்து, நிறையின் மதிப்பைத் தோட்டத்து மக்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இந்நாட்டில் குறைவு. அந்தக் கவனத்தை ஆமைக்கும் கொடுக்கலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், உணவுக்கு முன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வெப்பமும் வைத்தியமும் கிடைத்த பிறகும் எடை வாரந்தோறும் இறங்கிக்கொண்டே போனால், தொட்டால் தலையையும் காலையும் இழுத்துக்கொள்ளும் வலு இல்லாமற்போனால், தண்ணீரில் வைத்தால் கழுத்தை உயர்த்த முடியாவிட்டால், நோவு மருந்து கொடுத்தும் அசைவில் மாற்றம் இல்லாவிட்டால், அது மூப்பைத் தாண்டிவிட்டது. அமெரிக்க மிருகப் புற்றுநோய் மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் 2004 இல் முன்வைத்த வாழ்க்கைத்தர அளவுகோல், நோவு, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் மிகுதியா என்ற கேள்வி என ஏழு தலைப்புகளுக்குப் புள்ளி இடச் சொல்கிறது. நாய், பூனைக்காக உருவான அது ஆமைக்கு அப்படியே பொருந்தாது. ஆமையின் நாள் கணக்கு நமது வாரக் கணக்கு. ஆகவே கெட்ட நாட்களை அல்ல, கெட்ட வாரங்களையே எண்ண வேண்டும். மகிழ்ச்சி என்ற தலைப்பை நான் விட்டுவிடுவேன். வெயிலை நாடிப் போகிறதா என்ற கேள்வியை அந்த இடத்தில் வைப்பேன்.

ஊர்வனவற்றுக்கு நோவே இல்லை என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. கடைகளில் குட்டியாக விற்கப்படும் சிவப்புக்காது ஆமைகளுக்கு மோர்பீன் கொடுத்தால் சூட்டுக்குக் காலை இழுப்பது தாமதமாகிறது என்பதை 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நோவைத் தணிக்கும் மருந்து வேலை செய்யும் உடலில் நோவும் இருக்கிறது. அதைக் காட்டும் முகம்தான் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. தானாகப் போகட்டும், நாம் பாவம் தேடிக்கொள்ள வேண்டாம் என்பது ஊவாவில் சைவக் குடும்பத்திலும் பௌத்தக் குடும்பத்திலும் ஒரே குரலில் ஒலிக்கும் வாதம். 2006 இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு கைவிட்டதற்குப் பின்னால் இருந்த உணர்வும் இதற்கு அயலானதல்ல. ஆனால் தானாகப் போவது என்பது பாலூட்டிக்கு ஒன்று, ஊர்வனவற்றுக்கு வேறொன்று. உடலின் எரிப்பு மிகவும் மெதுவாக நடக்கும் உயிர், உணவில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். சிறுநீரகம் செயலிழந்த நாய் சில நாட்களில் அடங்கிவிடலாம். அதே நிலையில் ஆமை ஒரு பருவம் முழுவதும் கிடக்கும். காந்தி எந்தக் கன்றுக்காக வாதாடினாரோ அதன் துயரத்தைப் பல மடங்கு நீட்டிப் பார்த்தால் அந்த நிலை விளங்கும். பணிவிடை பயன்தரும்வரை பணிவிடை. அது நின்ற பிறகு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதை அகிம்சை என்று கொள்ள என்னால் முடியவில்லை.

இனி முறை. இங்கேதான் அன்புள்ளவர்களே அதிகக் கேடு செய்கிறார்கள். ஆமையைக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் வைத்துவிட்டால் தூங்கியபடியே போய்விடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. குளிர் அசைவை நிறுத்துமே தவிர உணர்வை உடனே நிறுத்தாது. பெரிய உடலில் பனிப்படிகங்கள் உருவாகும் நேரம் முழுவதும் நோவு இருக்கலாம். அமெரிக்க மிருக மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி முழு வளர்ச்சி பெற்ற ஊர்வனவற்றுக்கு இதை ஏற்பதில்லை. தலையை வெட்டுவது மட்டும் போதும் என்பதும் தவறு. ஆமைகளின் மூளை ஒக்சிசன் இல்லாமல் மணிக்கணக்கில் தாங்கும் ஆற்றல் கொண்டது. அதே காரணத்தால் வாயு கொடுத்து மயக்கும் முறையும் தோற்கும். மூச்சை அடக்கிக்கொள்ள அவற்றுக்குத் தெரியும்.

சரியான வழி இரண்டு படிகள் கொண்டது. முதலில் மயக்கி, பிறகு பென்டோபார்பிட்டல் போன்ற மருந்தை அளவுக்கு மேல் செலுத்துவது. உணர்வு முற்றாக அற்றபின் மூளையை அழித்து மரணத்தை உறுதிசெய்வது. மூளை இறந்த பிறகும் ஆமையின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே துடிப்பு நின்றதா என்பதைக் கருவியால் பார்க்க வேண்டும், ஒரு நாள் வைத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும். மலையகத்துக்குக் குறிப்பாகப் பொருந்தும் ஒரு நுட்பம் இங்கே உண்டு. குளிர்ந்த உடலில் மருந்து மிக மெதுவாகவே பரவும். அப்புத்தளைப் பனியில் கொண்டுவரப்பட்ட ஆமைக்கு ஊசி போடுமுன் அதைச் சில மணி நேரம் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் இறப்பு நீண்டு, ஊசியே இன்னொரு வேதனையாகிவிடும். காந்தியின் கன்றுக்கு ஊசி போட்ட சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆமையின் மரணத்தை அந்த வேகத்தில் எதிர்பார்க்கக் கூடாது என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்வதும் வைத்தியரின் கடமை.

இந்த மருந்தும் இந்த அறிவும் ஊவாவில் எங்கே கிடைக்கும்? இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் ஒரே பீடம் ஊவாவுக்கு வெளியே, பேராதனையில் இருக்கிறது. மாகாணத்தின் அரச மிருக வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை பசுவும் ஆடும் கோழியும். அவற்றின் மீது பழி சொல்ல இதை எழுதவில்லை. தோட்டத்துக் குடும்பத்தின் பால் வருமானம் அந்த வேலையில்தான் தங்கியிருக்கிறது.

அதைவிடப் பெரிய தடை அச்சம். நட்சத்திர ஆமையும் நாட்டின் இரண்டு நன்னீர் ஆமை இனங்களும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 2009 இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 2019 இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நட்சத்திர ஆமையைத் தன் முதலாம் பின்னிணைப்புக்கு உயர்த்தியது. கடத்தலைத் தடுக்க இவை அத்தனையும் தேவை, ஒன்றையும் தளர்த்தச் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டனார் காலத்தில் எடுத்துவந்த ஆமையை வைத்திருப்பவர் இச்சட்டத்தின் காரணமாகவே வைத்தியரை நாடமாட்டார். பெட்டியோடு இருட்டில் வைத்துவிடுவார், அல்லது இரவோடிரவாகத் தேயிலைக்குள் விட்டுவிடுவார். வதையைத் தடுக்க வேண்டிய 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ நூறு ரூபாய்த் தண்டத்தோடு முதுமை அடைந்திருக்கிறது. சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்த விலங்குநலச் சட்டமூலம் அதன் இடத்தைப் பிடிக்க நெடுங்காலம் காத்திருந்தது.

ஆகவே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் ஊவா மாகாண சபையிடமும் கேட்க வேண்டியது சிறிய விடயம்தான். பாதுகாக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த நோயுற்ற அல்லது முதிய ஆமையை மிருக வைத்தியரிடம் தாமாகக் கொண்டுவருவோர் மீது வழக்குத் தொடரப்படமாட்டாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதுளையில் ஓர் அலுவலகத்திலாவது சூடாக்கும் பெட்டியும் உரிய மருந்தும் ஊர்வனவற்றில் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். அறிவிப்பைச் சிங்களத்தோடு தமிழிலும் அச்சிட்டு, தோட்டங்களின் பிரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்ட வேண்டும்.