தூண்டல் முறையில் காந்தப்புல அளவீடு

மின்காந்தத் தூண்டலைக் கொண்டு காந்தப்புலத்தின் வலிமையையும் திசையையும் கண்டறியும் முறைகள் பல. கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் மாறினால் சுருளில் மின்னியக்கு விசை தோன்றும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்ததே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. பாயம் மாறாதவரை சுருளில் எதுவும் தோன்றாது. எனவே நிலையான புலத்தை அளக்க வேண்டுமானால், மாற்றத்தை நாமே உண்டாக்க வேண்டும். சுருளைத் திருப்புவது, சுழற்றுவது, சுருளுக்குள் இருக்கும் உலோக உள்ளகத்தை மேலும் காந்தமேறாதபடி தெவிட்ட வைப்பது ஆகிய மூன்றும் அதற்கான வழிகள். புலமே மாறிக்கொண்டிருந்தால் சுருளை அசையாமல் வைத்தாலே போதும்.

திருப்புச் சுருள்

திருவண்ணாமலை நகரை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் ஒரு சோதனை செய்வதாகக் கொள்வோம். இப்பகுதியில் புவிகாந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40,000 நானோ டெஸ்லா. 200 சுற்றுகளும் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள சுருளை வடக்கு நோக்கி நிமிர்த்தி வைத்து, அதைச் சட்டென 180 பாகை திருப்பினால், பாயம் ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறுகிறது. மொத்தப் பாய மாற்றம் 0.00016 வெபர். திருப்ப 0.1 நொடி ஆனால் சராசரியாக 1.6 மில்லிவோல்ட் கிடைக்கும்.

திருப்பும் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறும். ஆனால் சுற்றில் பாயும் மொத்த மின்னூட்டம் மாறாது. அது பாய மாற்றத்தை மின்தடையால் வகுத்த அளவு. மின்தடை 40 ஓம் என்றால் 4 மைக்ரோ கூலும். இதனால்தான் பழைய ஆய்வகங்களில் இச்சுருளுடன், மின்னூட்டத்தை அளக்கும் எறிவுக் கால்வனாமீட்டரை இணைத்தார்கள். இன்று மின்னழுத்தத்தைத் தொகையிடும் மின்னணுச் சுற்று அவ்வேலையைச் செய்கிறது.

சுழல் சுருளும் புவித்தூண்டியும்

அதே சுருளை நொடிக்கு 10 முறை சுழற்றினால் உச்சமாக 5 மில்லிவோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கிடைக்கும். துகள் முடுக்கிகளின் மின்காந்தங்களில் புலம் சீராக உள்ளதா என்று சோதிக்க இம்முறை இன்றும் பயன்படுகிறது.

இதன் சிறப்பு வடிவம் புவித்தூண்டி. சுழலச்சு புலத்தின் திசைக்கு இணையாக அமைந்துவிட்டால், எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் மின்னழுத்தம் தோன்றாது. கால்வனாமீட்டர் முள் அசையாமல் நிற்கும் அந்த நிலையில் கிடைத்தளத்திலிருந்து அச்சின் சாய்வைப் படித்தால், அதுவே காந்தச் சரிவு. புலத்தின் வலிமையோ கால்வனாமீட்டரின் உணர்திறனோ இந்த விடையைப் பாதிப்பதில்லை. முனையில் உராய்வுள்ள பழைய சரிவு ஊசியைவிடத் துல்லியமானது என்பதால், காந்த ஆய்வகங்கள் இதற்கு மாறின.

தேடு சுருள்

அசையாமல் வைக்கப்படும் சுருளே தேடு சுருள். அதில் தோன்றும் மின்னழுத்தம் புலத்தின் அளவைப் பொறுத்ததன்று. புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன சுருளுக்கு 10 மீட்டர் தொலைவில் 20 ஆம்பியர் உச்ச மின்னோட்டம் செல்லும் ஒற்றைக் கம்பி இருந்தால், அதன் புலம் 400 நானோ டெஸ்லா. புவிப்புலத்தில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் அது நொடிக்கு 50 முறை அலைவதால் 0.25 மில்லிவோல்ட்டைத் தூண்டும். உண்மையில் உடன்செல்லும் மற்றக் கம்பிகள் இதில் ஒரு பகுதியை நீக்கும். ஆனாலும் ஊருக்குள் தேடு சுருளை வைத்தால் முதலில் அகப்படுவது மின்வாரியக் கம்பிதான்.

புவிப்புலத்தின் மெல்லிய இயற்கை அலைவுகளை அளக்க, எளிதில் காந்தமாகும் உலோகத் தண்டின்மேல் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்படுகின்றன. அச்சுருள்களை மண்ணில் புதைத்து, உடன் நிலத்தின் மின்புலத்தையும் அளந்தால், ஆழத்திலுள்ள பாறைகள் எவ்வளவு மின்கடத்துகின்றன என்று கணிக்கலாம். ஹைதராபாதிலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், குப்பத்திலிருந்து பொம்மிடி வழியாகப் பழனி நோக்கிச் செல்லும் தடத்தில் இத்தகைய ஆய்வை நடத்தியது. திருவண்ணாமலைக்கு மேற்கே, தருமபுரி மாவட்டத்தைக் கடந்து செல்லும் தடம் அது.

பாயவாயில் காந்தமானி

மெதுவாக மாறும் புலத்தைத் தேடு சுருளால் அளக்க முடியாது. தென் தமிழகத்தில் நண்பகலில் கிடைத்தளக் கூறு சுமார் 100 நானோ டெஸ்லா உயர்வது வழக்கம். நம் சுருள் இந்த உயர்வை ஆறு மணி நேரத்தில் சந்தித்தால் தோன்றும் மின்னழுத்தம் 9 பிக்கோ வோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் லட்சம் கோடியில் ஒன்பது பங்கு. சுருளின் வெப்ப இரைச்சலிலேயே அது மூழ்கிவிடும்.

1930-களில் உருவான பாயவாயில் காந்தமானி இதற்குத் தீர்வானது. அதன் உள்ளகத்தை மாறுதிசை மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை தெவிட்ட வைத்து விடுவிக்கும். தெவிட்டிய உள்ளகம் வெளிப்புலத்தை ஈர்க்காது, விடுபட்டதும் ஈர்க்கும். இவ்வாறு அசையாத புலமும் சுருளுக்குள் விட்டுவிட்டுப் பாய்வதால் தூண்டல் நிகழ்கிறது. ஆதித்யா எல்-1 விண்கலத்தின் 6 மீட்டர் நீளக் கையில் பொருத்தப்பட்டு, 2024 ஜனவரியில் விரிக்கப்பட்டவை இவ்வகை உணரிகளே.

தமிழகத்தில்

சென்னை வானாய்வகத்தின் டி.ஜி. டெய்லரும் திருவனந்தபுரத்தின் ஜான் கால்டிகாட்டும் 1830-களின் இறுதியில் தென்னிந்தியாவில் காந்தச் சரிவை அளந்து சென்றார்கள். அவர்களிடம் இருந்தது ஊசி. சரிவு பூச்சியமாகும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், தமிழகத்தில் புலம் ஏறக்குறைய கிடையாகவே இருக்கிறது. அக்கோட்டின்மேல் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே பகலில் பாயும் நடுக்கோட்டு மின்தாரையே நண்பகல் உயர்வுக்குக் காரணம். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நடத்தும் ஆய்வகம் இதைப் பதிவு செய்கிறது.

வரம்புகள்

தூண்டல் கருவிகளுக்கு இரும்பும் மின்சாரமும் பகை. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், கொலாபாவில் 1841 முதல் நடந்துவந்த காந்த அளவீடு 1904-இல் அலிபாகுக்கு இடம்பெயர்ந்தது. எல்லாக் காந்த உணரிகளுக்கும் தூண்டல் அடிப்படையன்று. கைப்பேசியின் திசைகாட்டி தூண்டலால் இயங்குவதன்று. அதில் இருப்பவை பெரும்பாலும் ஹால் விளைவு உணரிகள் அல்லது காந்தத்தால் மின்தடை மாறும் உணரிகள்.