சைலன்சர் என்னும் பானை

வாலிநோக்கம் விலக்கில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் தலையைத் திருப்பாமலே வருகிற வண்டி எது என்று சொல்லிவிடுவார்கள். புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 மூன்றுக்கும் மூன்று குரல். அந்தக் குரல்கள் பிறந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் சைலன்சருக்கு 'போ தெஷாப்மான்' என்று பெயர். 'போ' என்றால் பானை, 'எஷாப்மான்' என்றால் தப்பிப் போவது. சூடான புகை என்ஜினிலிருந்து ஒரே வீச்சில் தப்பிப் பாய்கிறது. அதைப் பானைக்குள் விட்டு, விரியவைத்து, தடுப்புகளில் மோதவிட்டு அனுப்பினால் சத்தம் குறையும். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கதை திருவொற்றியூரில் தொடங்குகிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. புல்லட் என்ஜின் 346 சிசி. சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கூடவே கனமான ஃப்ளைவீல். அதனால் நிதானமாகச் சுற்றும். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 900 சுற்றில் நின்றபடி ஓடினால் விநாடிக்கு ஏழெட்டு வெடி. காது அதைக் கிட்டத்தட்ட எண்ணிவிடும். அந்த 'டப் டப்' பெரும்பாலும் என்ஜினின் வேலை. சைலன்சர் அதை அமுக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

சைலன்சர் என்ஜினின் ஓர் உறுப்பாகவே ஆனது டூ ஸ்ட்ரோக்கில். அதில் புதுப் பெட்ரோல் வரும் வாயும் புகை போகும் வாயும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். புகையோடு பெட்ரோலும் ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்பவர் 1950-களில் இதற்கு ஒரு வழியைச் செப்பனிட்டார். குழாயை முதலில் கூம்பு போல விரித்து, பிறகு சுருக்கினார். விரியும் இடத்திலிருந்து திரும்பும் அலை புகையை இழுக்கும். சுருங்கும் இடத்தில் பட்டுத் திரும்பும் அலை, தப்ப இருந்த பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். எந்த வேகத்தில் இது சரியாக அமையும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது.

1961-ல் அந்தக் கம்பெனியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்தின்போது நாட்டை விட்டே தப்பி சுசுகியில் சேர்ந்தார். ('எஷாப்மான்' இவருக்கும் பொருந்தும்.) அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகி வண்டியில் அவருக்கு. வித்தை ஜப்பான் போனது இப்படித்தான்.

1985-ல் நமக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி. ஆனால் 11 குதிரைசக்தி. 346 சிசி புல்லட்டுக்கு அப்போது 18தான். எல்லாப் புகழும் குழாய்க்கே என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய பங்கு அதற்கு உண்டு.

மைசூரில் தயாரான யெஸ்டிக்கு ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். பெட்ரோலில் ஆயில் கலப்பதால் உள்ளே கரி பிடிக்கும், வண்டி இழுக்காது. மெக்கானிக் உள்குழாயைக் கழற்றி நெருப்பில் சுட்டு, கரியைத் தட்டி மாட்டியதும் வண்டி பறக்கும். இதைப் பார்த்துத்தான், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் இன்னும் பறக்கும் என்று பையன்கள் முடிவுகட்டினார்கள் போலும்.

அது தப்புக் கணக்கு. டூ ஸ்ட்ரோக்கில் குழாயை அறுத்தால் திரும்பி வரும் அலையே குலைந்துவிடும். கார்புரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஜெட்டை மாற்றாமல் சைலன்சரை மட்டும் திறந்துவிட்டால் பெட்ரோல் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். 'பேக் பிரஷர் வேணும்' என்று மெக்கானிக்குகள் சொல்வது பாதி சரி. தடையால் லாபமில்லை, அலை நேரத்துக்குத் திரும்புவதில்தான் லாபம். சத்தம் கூடியதைக் காது வேகம் என்று நம்பிக்கொள்கிறது. கீழக்கரை, சாயல்குடி சாலையில் ராத்திரி அப்படிப் போகிறவர்களால் தூக்கம் கெடுவது என்னைப் போன்ற கிழங்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான்.

பழைய குமாஸ்தா என்பதால் விதியையும் புரட்டினேன். 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதி 120, புகை தப்பும் சத்தத்தை விரிவறை மூலமாகவோ வேறு விதமாகவோ இயன்றவரை குறைக்கும் கருவி எல்லா வண்டிக்கும் வேண்டும் என்கிறது. பானையும் தப்பித்தலும் ஒரே வாக்கியத்தில்!

மைசூர் ஆலையும் ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் 1996-ல் நின்றன. புல்லட்டின் பழைய இரும்பு என்ஜின் 2010 வாக்கில் போய், புது என்ஜின் வந்தது. குரல் மாறிவிட்டது என்று பழைய புல்லட்காரர்களுக்கு வருத்தம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் வண்டியடியில் ஆயில் சொட்டுவது நின்றதே, அதை யாரும் சொல்வதில்லை.